பறவையைப் பார்த்துப் பிறந்த சொற்கள்

மணந்துகொள்வதாகச் சொல்லிப் போனவன் வரவில்லை. அவன் வாக்குக் கொடுத்தபோது அருகில் வேறு யாரும் இல்லை. நீரோரம் ஒரு குருகு மட்டும் நின்றது. அவன் பொய் சொன்னால் எனக்கு யார் சாட்சி என்று கலங்குகிறாள் ஒரு பெண். குறுந்தொகையின் 25ஆம் பாட்டு இது, பாடியவர் கபிலர். அந்த ஒரே சாட்சியைப் பறவை என்ற பொதுச்சொல்லோடு கபிலர் விட்டுவிடவில்லை. அதன் கால் தினையின் தாளைப்போல ஒல்லியானது, பசுமை ஓடியது என்கிறார். ஓடுகிற நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டிருந்ததாம். மீனில் கண் வைத்திருக்கும் பறவை மனிதர் பேச்சை எங்கே கேட்டிருக்கப் போகிறது? அவளுடைய கலக்கம் முழுவதும் இந்தச் சின்ன விவரத்தில்தான் இருக்கிறது.

வயல் மடையோரம் நின்று பார்த்தவர்களுக்கு இந்தப் பறவை புதிதல்ல. மடையான் என்றும் குருட்டுக் கொக்கு என்றும் ஊர்களில் சொல்லப்படும் குளக்கொக்குக்கு மஞ்சளும் பச்சையும் கலந்த மங்கலான கால்கள்தான் இருக்கும். தண்ணீர் ஓடும் இடத்தில் நட்டுவைத்ததுபோல அசையாமல் நிற்பதும் அதன் வழக்கம். சுமார் 2000 ஆண்டுக்கு முன் ஒரு புலவர் எழுதிய நிறத்தையும் நிலையையும் இன்றைய வயலில் சரிபார்க்க முடிகிறது. சங்க இலக்கியத்தின் பறவைச் சொற்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. அவை அலங்காரத்துக்காக எடுத்தாண்டவை அல்ல. கால், அலகு, குரல், நடை, கூடு என ஒவ்வொன்றையும் பார்த்தவர்கள் வைத்த சொற்கள்.

பறவைக்குப் பழந்தமிழில் பொதுப்பெயர் 'புள்'. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு புள்ளையும் சேர்க்கிறது. பின்வந்த இலக்கண நூல்கள் குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும், முல்லைக்குக் காட்டுக்கோழி, நெய்தலுக்குக் கடற்காகம், பாலைக்குப் பருந்தும் எருவையும் என்று பிரித்துக் காட்டின. ஒரு பாட்டில் எந்தப் பறவை வருகிறது என்பதை வைத்தே அது எந்த நிலத்தில் நிகழ்கிறது என்று படிப்பவர் ஊகித்துவிடலாம்.

தொல்காப்பியத்தின் மரபியல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பறப்பவற்றின் குஞ்சைப் 'பார்ப்பு' என்றும் 'பிள்ளை' என்றும் சொல்ல வேண்டும். தவழ்பவற்றுக்கும் அவை பொருந்தும். அதனால்தான் ஆமைக் குஞ்சுக்கும் சங்கப் பாடல்களில் பார்ப்பு என்ற பெயர் கிடைக்கிறது. பெண் பறவை பெடை அல்லது பேடை. ஆண் பறவை சேவல். இன்று கோழிக்கு மட்டும் சுருங்கிப்போன சேவல் என்ற சொல் அன்று குருவிக்கும் அன்னத்துக்கும் அன்றிலுக்கும் பொது. ஆண் மயிலை மட்டும் தொல்காப்பியர் சேவல் என்று சொல்ல வேண்டாம் என்று விலக்கினார். தோகையோடு பெண்மைச் சாயல் கொண்டிருப்பதே காரணம் என்று உரைகாரர் விளக்கம் தந்தார். 'பார்ப்பு' வழக்கொழிந்துவிட்டது. 'பிள்ளை' மட்டும் கிளிப்பிள்ளையாக இன்னும் வீட்டுப் பேச்சில் இருக்கிறது.

கூட்டுக்கும் ஒரு சொல் போதவில்லை. குடம்பை, கட்சி, சேக்கை, பள்ளி எனப் பல. அரசியல் அமைப்பைக் குறிக்க இன்று நாம் பயன்படுத்தும் 'கட்சி' என்ற சொல் குறுந்தொகையில் மரத்தின் உயர்ந்த கிளையிலிருக்கும் அன்றிலின் கூடு. குடம்பையோ உரையாசிரியர்களைப் பிரித்த சொல். உடலை விட்டு உயிர் போவதைக் குடம்பையைத் தனியே விட்டுப் பறவை பறந்துபோவதோடு ஒப்பிடும் திருக்குறளுக்கு (338) உரை எழுதிய பரிமேலழகர், குடம்பை என்றால் முட்டை என்றார். கூடு என்று கொண்டவர்களும் உண்டு. வேறுபாடு சிறியதல்ல. கூட்டுக்குப் பறவை திரும்பி வரலாம். உடைத்து வெளிவந்த முட்டைக்குத் திரும்ப வழியே இல்லை.

குரல்களுக்கு வைத்த வினைச்சொற்கள் தனிச் செல்வம். மயில் அகவும், கிளி மிழற்றும், காக்கை கரையும், கூகை குழறும், குயில் கூவும். பள்ளிப் பாடநூலில் ஒலிமரபு என்று மாணவர் மனப்பாடம் செய்யும் இந்தப் பட்டியலுக்கு வேர் பழைய பாடல்களில் இருக்கிறது. அன்றிலின் குரலுக்கு 'நரலும்' என்றார்கள். காற்றில் மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசைக்கும் அதே சொல்தான். அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல குறிப்பு வேறில்லை. மயிலுக்கு உரிய 'அகவல்' என்ற சொல்லோ செய்யுளிலேயே இடம்பிடித்தது. சங்கப் பாடல்களில் மிகப் பெரும்பாலானவை அமைந்திருக்கும் ஆசிரியப்பாவுக்கு அகவல் என்றும் பெயர். உரத்த குரலில் அழைத்துச் சொல்லும் ஓசைதான் இரண்டுக்கும் பொது.

வீட்டுக் கூரையிலிருந்த சிட்டுக்குருவிக்கு அன்று பெயர் 'மனையுறை குரீஇ'. வீட்டில் வாழும் குருவி என்று பொருள். குறுந்தொகை 46ஆம் பாட்டில் மாமலாடனார் அதன் ஒரு நாளை எழுதியிருக்கிறார். வாடிய ஆம்பல் இதழின் நிறத்தில் குவிந்த சிறகு. முற்றத்தில் காயவைத்த தானியத்தைத் தின்கிறது. பிறகு மன்றத்தில் கிடக்கும் உலர்ந்த எருவின் தூளைக் குடைந்து ஆடுகிறது. பொழுது சாய்ந்ததும் வீட்டு இறப்பிலுள்ள இடத்தில் குஞ்சுகளோடு தங்குகிறது. எருத்தூளில் அது ஏன் ஆட வேண்டும்? இறகிலுள்ள மிகை எண்ணெயையும் பேன்களையும் போக்கக் குருவிகள் புழுதியில் குளிப்பதைப் பறவையியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மாலைப் பொழுதின் தனிமையைச் சொல்ல வந்த புலவர் அதைப் போகிற போக்கில் பதிந்துவிட்டார்.

அதே குறுந்தொகையின் 85ஆம் பாட்டில் குருவிச் சேவலின் நடையைத் துள்ளுநடை என்கிறார் புலவர். மைனா ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து நடக்கும். சிட்டுக்குருவி இரண்டு காலையும் சேர்த்துத் துள்ளும். அந்தச் சேவல் முட்டையிடப்போகும் பேடைக்காகக் கரும்பின் மணமில்லாத வெண்பூவைக் கோதி எடுக்கிறது. அவ்வாறு கட்டும் இடத்துக்கு 'ஈனில்' என்று பெயர். ஈனும் இல், அதாவது பேறுகால வீடு. சிட்டுக்குருவிகளில் கூட்டைத் தொடங்குவது பெரும்பாலும் ஆண்தான். பரத்தையிடம் போன கணவன் வீடு திரும்ப நினைக்கும் சூழலில் இந்தப் பாட்டு வருகிறது. கருவுற்ற துணைக்காகப் பஞ்சு சேர்க்கும் அந்த ஊர்க்குருவியே அவன்மேல் வைத்த குற்றச்சாட்டு.

நீர்நிலைகளுக்குப் போனால் சொற்கள் பெருகுகின்றன. ஐங்குறுநூறு 'கம்புள்' என்றொரு நீர்ப்பறவையைச் சொல்லி, அதற்கு வெண்மையான நெற்றி என்று அடையாளம் தருகிறது. பழைய உரைகள் அதைச் சம்பங்கோழி என்றன. ஏரிகளில் கருத்த உடலும் நெற்றியில் பளிச்சென்ற வெள்ளைத் தகடுமாக நீந்தும் பறவைக்கு ஊர்மக்கள் வைத்திருக்கும் பெயர் நாமக்கோழி. வெண்ணெற்றி என்ற அடையாளம் இதற்கே நன்றாகப் பொருந்துகிறது. பார்த்தவர்கள் கால இடைவெளியைத் தாண்டி ஒரே இடத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்: அதன் நெற்றியை.

மீன்கொத்திக்குச் 'சிரல்' என்றும் 'சிச்சிலி' என்றும் பெயர். நீலமணி நிறமும் பொன்னிற அலகும் கொண்டதாகச் சிறுபாணாற்றுப்படை அதைக் காட்டுகிறது. பதிற்றுப்பத்தில் சேரன் செங்குட்டுவனைப் பாடும் பரணர், போரில் பட்ட காயத்தைத் தைக்கும் காட்சியைச் சொல்ல இந்தப் பறவையைத்தான் அழைக்கிறார். நீண்ட வெள்ளூசி சதைக்குள் இறங்கி மறைந்து வெளியே வருவது, மீனைத் தேடிக் குளத்தில் மூழ்கிய சிரல் மேலே எழுவதைப் போன்றது என்பது அவர் கண்ட உவமை. இறங்கும் வேகம், மறையும் கணம், ஈரத்தோடு வெளிப்படும் ஒளி எல்லாம் அதற்குள் அடக்கம். அறுவை மருத்துவத்தைப் பற்றிய பழந்தமிழ்ச் சான்றாக இந்த வரிகளை வரலாற்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். பறவை ஆர்வலர்களுக்கும் அதில் பங்குண்டு.

பட்டினப்பாலையில் வரும் 'தூதுணம் புறவு' கேட்டவுடன் தூது போகும் புறாவோ என்று எண்ணவைக்கும். அங்கே தூது என்றால் சிறு கல். கல்லை உண்ணும் புறா என்பதே பொருள். பல்லில்லாத பறவை விழுங்கிய தானியத்தை அரைக்க இரைப்பையில் சிறு கற்கள் தேவை. தானியம் தின்னும் புறாக்கள் பொடிக்கல்லைப் பொறுக்குவது அதற்காகத்தான். காவிரிப்பூம்பட்டினத்துப் புறாக்கள் கல் பொறுக்குவதைக் கண்ட யாரோ அந்தச் செயலையே அதன் பெயராக்கினார்கள்.

இரவுப் பறவைகளுக்கும் தனித்தனிப் பெயர்கள்: ஆந்தை, கூகை, குடிஞை, குரால், ஊமன். நற்றிணை 83ஆம் பாட்டில் தோழி ஊர் வாயிலில் முதுமரத்தில் வாழும் கூகையோடு பேரம் பேசுகிறாள். வளைந்த அலகு, தெளிந்த கண், கூர்மையான நகம் என்று அதன் உருவத்தை முதலில் சொல்கிறாள். பிறகு நெய் சேர்த்த வெண்சோறும் சுட்ட எலி இறைச்சியும் நிறையத் தருகிறேன், எங்கள் காதலர் வரும் நேரத்தில் மட்டும் அஞ்சும்படி அலறாதே என்று வேண்டுகிறாள். கூகை எழுந்தால் ஊர் விழிக்கும். ஊர் விழித்தால் அவன் வரமுடியாது. கூகையின் விருப்பமான இரை எலி என்பதைத் தோழி அறிந்தே இலஞ்சத்தை முடிவு செய்திருக்கிறாள்.

சொந்தப் பெயர் மறைந்து, பாட்டில் வந்த பறவையால் நிலைத்துப்போன புலவர்களும் இருக்கிறார்கள். யாரும் மூட்டிவிடாமலும் விலக்கிவிடாமலும் தாமே மோதிக்கொள்ளும் குப்பைமேட்டுக் கோழிகளைக் காதல் நோய்க்கு உவமையாகச் சொன்னவர் குப்பைக் கோழியார். முதுமக்கள் தாழிகள் புதைந்த இடுகாட்டில் கூகைக் கோழியின் குரலைக் கேட்கவைத்தவர் கூகைக் கோழியார். விருந்து வரும் என்று கரைந்த காக்கைக்கு எவ்வளவு சோறு படைத்தாலும் சிறிதே என்று பாடிய நச்செள்ளையாரை இலக்கிய உலகம் காக்கைபாடினியார் என்றே அழைக்கிறது.

வலசைப் பறவைகளையும் அவர்கள் தனியே அறிந்திருந்தார்கள். 'வம்பு' என்ற சொல்லுக்குப் புதுமை, நிலையின்மை என்ற பொருள்கள் உண்டு. ஊருக்குப் புதிதாக வந்து போகிறவன் வம்பலன். அதே அடிப்படையில் பருவத்தில் வந்திறங்கும் நாரை 'வம்ப நாரை'. அப்படி வரும் கூட்டம் 'வம்பப் புள்'. ஒரு துறைமுகத்தில் வந்திறங்கிய வம்ப நாரைகளின் இரைச்சலை ஊரார் பழிப்பேச்சுக்கு ஒப்பிட்டது அகநானூறு. புறநானூற்றில் குறுங்கோழியூர் கிழார் ஓர் அரசனைப் புகழ்கையில், புதிய பறவைகள் வந்தாலும் பழைய பறவைகள் போனாலும் அவன் நாட்டு மக்கள் கலங்குவதில்லை என்கிறார். பறவைகளின் வரவும் போக்கும் கெட்ட நிமித்தம் என்று நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கைக்கு அடியில் ஒரு கவனிப்பு இருந்தது: சில பறவைகள் எப்போதும் இருப்பவை, சில வந்துபோகிறவை.

எங்கே போகின்றன என்பதற்கும் பதில் வைத்திருந்தார்கள். பிசிராந்தையார் தம் நண்பர் கோப்பெருஞ்சோழனுக்கு அன்னச் சேவலைத் தூதாக அனுப்பும்போது, குமரித் துறையில் அயிரை மீனைத் தின்று வடமலைக்குப் போகும் பறவையாக அதை விளிக்கிறார். நற்றிணை 356ஆம் பாட்டில் கடலில் மேய்ந்த செங்கால் அன்னம் இமயத்து உச்சியிலுள்ள வளராத பார்ப்புக்கு இரை கொண்டுபோகிறது. அவ்வளவு தூரம் இரை சுமந்து செல்லும் பறவை எதுவுமில்லை. ஆனால் தெற்கே மேயும் பறவை வடக்கே குஞ்சு பொரிக்கிறது என்ற அடிப்படை உண்மை அந்தக் கற்பனைக்குள் பத்திரமாக இருக்கிறது. திபெத், லடாக், மத்திய ஆசியாவின் உயர்ந்த ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்துகள் இமயத்தைக் கடந்து பறந்து, குளிர்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வருகின்றன. பிற்காலத்துச் சத்திமுத்தப் புலவர் தம் வறுமையை மனைவிக்குச் சொல்லத் தேடிய தூதும் வடக்கே திரும்பும் ஒரு நாரைதான். சிவந்த கால், பவளநிறக் கூர்அலகு என அவர் தந்த அடையாளங்கள், குளிர்காலத்தை இந்தியாவில் கழித்துவிட்டு வடக்கே போகும் வெண்ணிறச் செங்கால் நாரைக்கு அப்படியே பொருந்துகின்றன.

பறவைகளைக் காத்தவன் என்றே பெயர் பெற்ற ஒருவனையும் அகநானூறு காட்டுகிறது. பாழி என்னும் இடத்தில் மிஞிலியோடு போரிட்டு வீழ்ந்த ஆய் எயினன் அவன். பறவைகளுக்குப் பாதுகாவலாக இருந்த அவன் உடல்மேல் வெயில் படாதபடி பறவைக் கூட்டம் வானில் சிறகைப் பந்தலாக விரித்து நிழல் செய்தது என்று பரணர் பாடுகிறார். வேட்டையும் வேட்டை உணவும் இயல்பாக இருந்த காலத்தில், புள்ளினத்துக்குக் காவல் என்பது ஒரு வீரனுக்குப் புகழாக இருந்திருக்கிறது.

பிற்காலத்தில் இந்தச் சொற்களுக்கும் பறவைகளுக்கும் இடையே தூரம் விழுந்தது. பாட்டைப் படித்தவர்கள் ஏட்டில் படித்தார்கள். பறவையைப் பார்த்தவர்கள் ஏட்டைப் படிக்கவில்லை. பெயர் மட்டும் மிஞ்சியபோது கதைகள் வளர்ந்தன. பாலையும் நீரையும் பிரிக்கும் தெய்வப் பறவையாக அன்னம் மாறியது. அன்றிலுக்கு நேர்ந்தது இன்னும் பெரிய மாற்றம். சங்கப் பாடல்களில் அது கடலோரப் பனையில் துணையோடு தங்கும் சாதாரணப் பறவை. துணை பிரிந்தால் உறங்காது என்பது வரையில்தான் பாட்டு சொல்கிறது. பின்னால் அது இணை பிரிந்ததும் உயிர்விடும் பறவையாகி, கடைசியில் உலகில் இல்லாத பறவை என்ற எண்ணமே பரவிவிட்டது.

அதை மீட்டவர்களில் முக்கியமானவர் ஆட்சிப்பணி அதிகாரியாக இருந்த பி.எல். சாமி. 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்ற அவருடைய நூலின் வழி எளிமையானது. ஒரு பறவைப் பெயர் வரும் எல்லாப் பாட்டையும் சேர்ப்பது, அவை தரும் உடல் அடையாளங்களைத் தொகுப்பது, களத்திலுள்ள பறவையோடு ஒப்பிடுவது. அன்றிலுக்குக் குறுந்தொகை 160ஆம் பாட்டு தரும் அடையாளம் இரண்டு: நெருப்பு நிறத் தலை, இறால்மீன்போல வளைந்த அலகு. கருத்த உடலும், வழுக்கைத் தலையின் பின்பக்கம் சிவப்புத் திட்டும், கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகும் கொண்டு, மரங்களின் உயரத்தில் கூடு கட்டும் கருப்பு அரிவாள் மூக்கன்தான் அது என்பது இன்று பலரும் ஏற்கும் முடிவு. தஞ்சை வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் சோடியாகவோ சிறு கூட்டமாகவோ மேய்வதைக் காணலாம்.

'கணந்துள்' இன்னொரு சுவையான வழக்கு. பாலை வழியில் வழிப்பறிக்காரர்கள் பதுங்கியிருப்பதை வழிப்போக்கருக்கு உணர்த்தும் நீண்டகால் பறவை என்று குறுந்தொகை 350ஆம் பாட்டு சொல்கிறது. ஆள் வரவை அறிவிக்கும் என்ற பொருளில் அங்கே ஒரு தொடரும் வருகிறது. திறந்தவெளித் தரையில் முட்டையிட்டு, யார் நெருங்கினாலும் கத்திக்கொண்டே சுற்றிப் பறக்கும் நீண்டகால் பறவையை நாட்டுப்புறத்தில் ஆள்காட்டி என்கிறார்கள். கணந்துள் என்ற பெயர் மறைந்தாலும், அதற்குப் புலவர் தந்த விளக்கம் ஊர்ப்பேச்சில் பெயராகவே நிற்கிறது. கோவையைச் சேர்ந்த பேராசிரியர் க. ரத்னம் ஊர் ஊராக வழங்கும் தமிழ்ப் பறவைப் பெயர்களைத் திரட்டியது இதனால்தான் மதிப்புமிக்க வேலை. ஏட்டுச் சொல்லுக்குத் திறவுகோல் பல நேரம் ஆடு மேய்ப்பவரிடமும் வலை வீசுபவரிடமும் இருக்கிறது.

தீராத புதிர்களும் உண்டு. செங்கால் பேடையும் குழலோசைக் குரலும் கொண்ட 'வங்கா', இடையில் ஒரு பூ வந்தாலும் ஓராண்டு பிரிந்ததாகத் தவிக்கும் நீர்ப்பறவை 'மகன்றில்' ஆகியவற்றை இன்ன பறவை என்று அறுதியிடக் கருத்தொற்றுமை இல்லை. களத்தில் நாள்தோறும் பறவை பார்க்கும் இளைஞர்கள் பெருகியிருக்கும் இந்தக் காலத்தில் இப்பாடல்களை அவர்கள் கைக்கு எட்டச் செய்வது அவசியம்.

மீண்டு வந்து வேலை செய்யும் சொல்லுக்கு எடுத்துக்காட்டு 'பாறு'. போர்க்களத்துப் பிணங்களை உண்ண வரும் பறவையாகப் புறநானூற்றில் வரும் பெயர் அது. கால்நடைகளுக்குத் தந்த டைக்ளோஃபினாக் என்னும் வலிநிவாரணி, இறந்த மாட்டைத் தின்ற பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததால் இந்தியா முழுவதும் அவை அழிவின் விளிம்புக்குப் போயின. 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தருவது தடைசெய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பி மருந்து மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால் 2015இல் அதற்கும் தடை வந்தது. நீலகிரி மலையடிவாரத்தில் மாயாற்றுப் படுகையைச் சுற்றிய காடுகளில் எஞ்சிய பறவைகளைக் காக்க உழைப்பவர்கள், பிற கழுகுகளிலிருந்து பிரித்துக்காட்ட இந்தப் பழஞ்சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என்று நான்கு வகைக்கும் பெயர் கிடைத்தது. இவற்றில் செந்தலைப் பாறுவின் தலையும் கழுத்தோரம் தொங்கும் தோல் மடிப்பும் சிவப்பு. சங்கப் பாடல் 'செஞ்செவி எருவை' என்று சொல்வது இதையே என்று கருத இடமிருக்கிறது. பாறு, எருவை என்று இரண்டு சொற்களை அன்று வைத்திருந்தவர்கள் இரண்டு வகைகளைப் பிரித்து அறிந்திருந்தார்களா என்பதை மாயாற்றுக் காட்டில் பறவையையும் புறநானூற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள்தான் இனிச் சொல்ல வேண்டும்.